நெற்றிப் பலகையில் மூன்று பெயர்கள்

என் வயதுக்காரர்கள் யாராவது அந்த நாளில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் போயிருந்தால் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். வீட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ரோட்டுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு பொட்டல். அதில் எப்போதும் நாலைந்து லாரிகள் நின்று வீட்டை மறைத்திருக்கும். ஓரத்தில் ஒரு டீக்கடை, அதை ஒட்டி இரண்டு வேப்பமரம். மரத்தடியில் டிரைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ரோட்டிலேயே இருந்து பழகியவர்களுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஒரு டீ குடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அவர்கள் பேச்சில் பாதி, வண்டிகளின் அழகைப் பற்றியது. இதை இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். லாரிக்காரர்கள் டீசலையும் ரோட்டுப் பள்ளத்தையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்டு வளர்ந்த பேச்சு வேறு. எந்த வண்டிக்கு முகம் களையாக இருக்கிறது, எதற்கு நெற்றி அகலம், எவன் வண்டி பின்னாலிருந்து பார்த்தால் நன்றாயிருக்கிறது என்று, பெண் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் மாதிரி விடாமல் பேசுவார்கள்.

அதில் இரண்டு கட்சி. ஒன்றுக்குத் தலைவர் பஞ்சுப் பெரியவர். மில்லுக்குப் பஞ்சு ஏற்றுகிறவர், அந்தப் பொட்டலில் எல்லாரையும்விட மூத்தவர். அவருடைய லாரி கரும்பச்சை. ஒரு கோடு கிடையாது, ஒரு பூ கிடையாது. ஆனால் எப்போது பார்த்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளித்தது மாதிரி மினுங்கும். "வண்டின்னா லட்சணமா இருக்கணும்லே. சிங்காரிச்சுக்கிட்டு நிக்கப்படாது," என்பார். இன்னொரு கட்சி நரிக்குடிக்காரர். வானம் பார்த்த நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். அவர் வண்டியில் இல்லாத நிறம் இல்லை. கண்ணாடியைச் சுற்றி ஜிகினா, கதவில் தாமரை, டீசல் டேங்கில் புலி, பின்னால் கன்றை நக்குகிற பசு, முன்னால் இரண்டு பக்கமும் கறுப்புக் குஞ்சங்கள். எங்காவது பெயிண்ட் உதிர்ந்தால் உடனே தொட்டு வைக்க, சின்னச் சின்ன டப்பாக்களும் பிரஷ்ஷும் எப்போதும் வண்டியிலேயே இருக்கும்.

என் அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. அவர் கரி லோடு அடித்தார். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி மூட்டம் போட்டு எரிப்பார்கள். அந்தக் கரியை மூட்டைகளாக ஏற்றி வெளியூருக்குக் கொண்டுபோவார். போய் வந்தால் அவருக்குக் கண்ணும் பல்லும்தான் வெள்ளையாகத் தெரியும். வண்டியும் அப்படித்தான். அதன் அசல் நிறம் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. "கரி வண்டிக்குக் கரிதான் பெயிண்டு" என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், எண்பதுகளின் நடுவில், ஆனி மாதக் கடைசியில் அப்பா ஒரு லோடு முடித்து வந்தார். சாப்பிடவில்லை. வண்டியை மதுரைக்குப் பாடி வேலைக்கு விடப்போவதாகச் சொன்னார்.

"நல்லாத்தானே ஓடுது. இப்ப என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"சீட்டு போயிருச்சு."

உட்காருகிற ஒரு சீட்டுக்காக யாராவது முழு வண்டியையும் பட்டறையில் விடுவார்களா? அம்மா அதைக் கேட்கவில்லை. லோடு இல்லாத நாட்களில் அப்பா எரிச்சலாக இருப்பார், பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது அவள் பழக்கம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றை நீங்கள் அனுபவித்திருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்து சோற்றுத் தட்டில் போடும். கதவு அடித்துக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். யாருக்கும் ஒரு வேலையில் மனம் நிற்காது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு வானநீல லாரி பொட்டலுக்குள் நுழைந்தது. டிரைவர் சீட்டிலிருந்து அப்பா இறங்கிய பிறகுதான் அது எங்கள் வண்டி என்று தெரிந்தது.

மரத்தடி மொத்தமும் எழுந்து வந்துவிட்டது. கதவில் தோகை விரித்த மயில். எல்லாரும் வண்டியைச் சுற்றி நடந்தார்கள். பஞ்சுப் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மௌனமாக ஒரு சுற்று வந்தார்.

"ஏலே, என்ன இது? கரி மூட்டைய இதுலயா ஏத்தப் போற?"

"ஏன், கரி ஏத்துறோம்னா கரியாவே இருக்கணுமா?" என்றார் நரிக்குடிக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்துவிட்டது அல்லவா.

"இம்புட்டு நீலம் ஆகாதப்பா. எதுக்க வாரவனுக்குக் கண்ணு கூசும்."

"கூசட்டும். கூசுனா ஒதுங்கிப் போவான்ல."

"மயிலப் பாரு. தோகைதான் மயிலு. கழுத்து கொக்கு."

"சரி, கழுத்து கொஞ்சம் நீண்டு போச்சு. தோகைல ஒரு கண்ணு தப்பு சொல்லுங்க பாப்போம்."

"நெத்திப் பலகைய எதுக்கு இம்புட்டு ஒசரம் வச்சிருக்கான்? சின்னப் பயலுக்குப் பெரிய தலப்பா கட்டுன மாதிரி."

நெற்றிப் பலகை என்பது முன் கண்ணாடிக்கு மேலே குறுக்கே வைக்கிற மரப்பலகை. சாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ எழுதுவது அதில்தான். சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் தம்பியின் பெயர். என் பெயர் இனி நான் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். ஒவ்வொரு பெயராக வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டார்.

"பிள்ளைக ரெண்டுதானே. மூணு பேரு போட்டிருக்கு?"

மூன்றாவதாக ஒரு பெண் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. திருச்சுழிக்கு அந்தப் பக்கத்து அம்மன் ஒன்றின் பெயர் என்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் சபையில் எந்த வீட்டிலும் அந்தப் பெயர் கிடையாது.

"பேரு நல்லாருந்துச்சு. போட்டேன்," என்றார் அப்பா.

எல்லாரும் பலகையை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு நரிக்குடிக்காரர் பலமாகச் சிரித்தார். "விடுங்கப்பா, எங்க பக்கத்துப் பேரு. நல்ல பேருதான்." அந்தச் சிரிப்பில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே கேட்டது.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்று சாயங்காலம், சாப்பாடு போட்டுக்கொண்டே.

"அது யாரு பேரு?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். வண்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லி வெளியே போனார். வண்டி என்ஜின் அணைந்துதான் கிடந்தது.

அதற்குப் பிறகு அம்மா அவரிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் என் வழியாக நடந்தது. "உங்கப்பாட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சு." "உங்கப்பாட்ட கேளு, எப்ப வாராகன்னு." நான் வீட்டுக்கும் பொட்டலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அப்பாவோ ஒரு லோடு முடிந்த கையோடு அடுத்த லோடுக்குக் கிளம்பினார். வந்தாலும் வீட்டுக்குள் நிற்பதில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் வண்டியில் ஏதாவது புதிதாக இருக்கும். ஒருமுறை குஞ்சம். ஒருமுறை பக்கக் கண்ணாடிகளுக்கு மணி கோத்த உறை. ஒருமுறை பம்பரில் இரண்டு பெரிய கண்களை வரைந்து வாங்கி வந்தார்.

அந்தக் கண்களைப் பற்றி மரத்தடியில் இரண்டு நாள் சண்டை நடந்தது. "வண்டிக்குக் கண்ணு வச்சா அது நம்மள மொறைக்கும். பாரு, மொறைக்குது," என்றார் பெரியவர். "மொறைக்கல, முழிச்சிருக்கு. டிரைவரு அசந்தாலும் வண்டி முழிச்சிருக்கணும்ல," என்றார் நரிக்குடிக்காரர். "அப்ப எதுக்குக் கண்ணுக்கு மை தீட்டிவிட்டிருக்கான்?" என்றார் பெரியவர். அப்பா டீயைக் குடிக்காமலே கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வண்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். ஒரு மனுஷன் தினமும் ஏறி உட்கார வேண்டிய இடம் அவனுக்குப் பார்க்கச் சகிக்காமல் போயிருக்கலாம் என்று, அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேறொன்று எல்லாருக்கும் தோன்றியது. லாரிக்காரர்களைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பாடகர் குழுவில் பாடுகிற ஓர் அத்தை அம்மாவின் தோளைத் தொட்டு, "ஜெபம் பண்ணிக்கிறோம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து ஆட்டுக்கல்லில் உளுந்தைப் போட்டு ஆட்டினாள். மாவு பொங்கி வழிந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க இரண்டு கையிலும் மாவு. நான் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டேன். "தூசி விழுந்துருச்சு," என்றாள். காற்று அடித்துக்கொண்டிருந்ததால் அது பொய் மாதிரியும் இல்லை.

எனக்கு அந்த மூன்றாவது பெயர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பெயர்மேல்தான். அப்பாமேல் கோபப்பட எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒருத்தி, என்னைவிடச் சின்னவளோ பெரியவளோ, என் பக்கத்தில் வந்து ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறாள் என்று தோன்றியது.

மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கக் கிணற்றுக்குப் போனார். மத்தியான வெயில். டீக்கடைக்காரர் கடைக்குள் படுத்திருந்தார். அந்த வருடம்தான் எனக்குப் புதிதாக ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கியிருந்தார்கள். அதிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு, பாவாடையை இழுத்துச் செருகி, லாரியின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்து ஏறி, கேபின் கூரைமேல் போய்க் குப்புறப் படுத்தேன். தகரம் வயிற்றைச் சுட்டது. தலையை வெளியே நீட்டிப் பலகையைப் பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது. எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று குழம்பி என் பெயரிலேயே ஒரு கீறல் போட்டுவிட்டேன். பிறகு நிதானித்து அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, ஊசி முனையால் சுரண்டத் தொடங்கினேன். பெயிண்ட் புதுசு. சுருள் சுருளாக உரிந்து வந்தது. மஞ்சள், அதன் அடியில் சிவப்பு, அதன் அடியில் வெறும் மரம். காற்று அந்தச் சுருள்களைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. முடித்துவிட்டு இறங்கி ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காம்பஸ் கையில் இல்லை.

அன்று முழுதும் அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா வந்தார், வண்டியைப் பார்த்தார், அங்கேயே சற்று நேரம் நின்றார். வீட்டுக்குள் வந்து சட்டையை மாட்டிக்கொண்டு லோடுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது காம்பஸ் உள்ளே இருந்தது. சுரண்டியதில் வளைந்திருந்த ஊசியை யாரோ குறடால் நிமிர்த்தியிருந்தார்கள். அவர் தப்பு செய்தவர், அதனால்தான் என்னைக் கேட்கவில்லை என்று அப்போது முடிவு கட்டினேன். இப்போது நானே அன்றைய அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டேன். அந்த ஊசியை நிமிர்த்தும்போது அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் எனக்கு உட்கார முடிவதில்லை.

மரத்தடிக்குப் பேசுவதற்கு இன்னொரு விஷயம் கிடைத்தது.

"முன் பல்லு விழுந்த மாதிரியில்ல இருக்கு," என்றார் டீக்கடைக்காரர்.

"ஒரு பக்கம் காலியா கிடந்தா முகம் கோணிப்போகும்ப்பா. இருக்குற ரெண்டு பேரையும் நடுவுக்குத் தள்ளி எழுதணும்." இது பெரியவர்.

"அதெல்லாம் வேணாம். அந்த எடத்துல ஒரு ரோசாப்பூ போட்டுருவோம். நானே போட்டுத் தாரேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது," என்று நரிக்குடிக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

"கிடக்கட்டும்," என்றார் அப்பா.

கிடந்தது. மூன்று வாரம், வெறும் மரம் தெரிய, அந்த வண்டி ஊரெல்லாம் சுற்றியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து அம்மா அடுப்பில் குழம்பை வைத்திருந்தாள். அப்பா வண்டிக்கடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. திருச்சுழியிலிருந்து வந்த பஸ் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கும். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்று. காற்றுக்குச் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்தாள்.

"கரி வண்டி அண்ணன் வீடு எது?"

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நரிக்குடிப் பக்கம். மூட்டத்துல வேல பாக்குறேன்."

மரத்தடியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நரிக்குடிக்காரர் தாழ்ந்த குரலில், "மூணாவது பேரு வந்திருச்சு," என்றார். தாழ்ந்த குரல்தான். ஆனால் காற்று எங்கள் வாசல் பக்கம் அடித்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. நான் பின்னால் ஓடினேன்.

"யாரு வேணும் உனக்கு?"

அந்தப் பெண் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் மதினியா?" என்று பொட்டலத்தை நீட்டினாள். "பிள்ளைகளுக்குச் சேவு. பிள்ளைக இருக்குற வீடுன்னு சொன்னாக."

அம்மா வாங்கவில்லை. "உனக்கு எத்தன பிள்ளைக?"

"ஒண்ணுதான் மதினி. இருந்துச்சு."

இருந்துச்சு என்ற சொல்லில் அம்மா நின்றுவிட்டாள். வண்டிக்கடியில் தெரிந்த அப்பாவின் கால் அசையாமல் இருந்தது.

"அண்ணன் சொல்லலையா?" என்றாள் அந்தப் பெண். எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் அவள் வந்திருக்கிறாள். எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் மட்டும் சொல்லத் தொடங்கினாள். "ரோட்டோரமா கரி மூட்டை மேல உக்காந்து வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு. ஏதோ ஒரு வண்டி. அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. எந்த வண்டின்னு தெரியல. அதுக்குப் பெறகு வந்த வண்டி எதுவுமே நிக்கல மதினி. நான் ரோட்டுக்கு நடுவுல போயி நின்னேன், சுத்திக்கிட்டுப் போனாக. இவுக லோடோட வந்தாக. நிப்பாட்டுனாக. எறங்கி வந்து இவுகளே பிள்ளையத் தூக்கி முன்னால படுக்க வச்சாக. அருப்புக்கோட்டை வரைக்கும் ஓட்டுனாக. நான் அதப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். அது மட்டுந்தான் எனக்கு நெனவிருக்கு. ஊருக்குள்ள நுழையிறதுக்குள்ள கையி சில்லுன்னு ஆயிப்போச்சு."

அப்பா வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தார். எழுந்திருக்கவில்லை. டயரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அம்மா அவரைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக நேராகக் கேட்டாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னைய வண்டிக்குப் போக விட மாட்டியே." டயரைத் தடவிக்கொண்டே, "நானே அடிச்சிருப்பேன்னுகூட நெனைப்பாக," என்றார். தலையைக் குனிந்துகொண்டு, "சீட்ட மாத்துனா போயிரும்னு நெனச்சேன். போகல. பெயிண்ட மாத்துனேன்," என்றார். அவ்வளவுதான். என் அப்பா அதைப் பற்றி வாழ்நாளில் பேசியது அந்த ஐந்து வாக்கியம்தான்.

"கரி ஏத்துற ஆளுக சொன்னாக," என்றாள் அந்தப் பெண். "அண்ணன் வண்டி நெத்தியில எம் புள்ள பேரு எழுதியிருக்குன்னு. எனக்கு எழுத்துத் தெரியாது. எதுன்னு காட்டுங்க. பாத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருறேன்."

எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். நீலம், மயில், குஞ்சம், மை தீட்டிய கண்கள். மேலே சிவப்புப் பலகையில் இரண்டு பெயர், மூன்றாவது இடத்தில் சுரண்டிய மரம்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ பள்ளிக்கொடத்துக்குப் போற பிள்ளைதானே. படி தாயி."

நான் விரலை நீட்டி என் பெயரைப் படித்தேன். தம்பியின் பெயரைப் படித்தேன். விரல் வெறும் மரத்துக்கு நேராக வந்து நின்றது. மனப்பாடமாகத் தெரிந்திருந்த அந்தப் பெயரை அங்கே ஏதோ இருக்கிற மாதிரி படித்தேன்.

"அங்க ஒண்ணும் இல்லையே," என்றாள். எழுத்துத் தெரியாதவளுக்கும் எழுத்து இல்லாத இடம் தெரிந்துவிட்டது.

"புதுசா எழுதப்போறோம்மா," என்று பஞ்சுப் பெரியவர் முந்திக்கொண்டார். "அதான் பழசச் சொரண்டிப் போட்டிருக்கு. மழைல நைஞ்சுபோச்சு." அந்த வருடம் எங்கள் பக்கம் ஒரு துளி மழை கிடையாது. மூட்டத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? இருந்தும் அவள் தலையை ஆட்டினாள்.

"நான்தான் சொரண்டுனேன்," என்றேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அந்தப் பெண் கோபப்படவும் இல்லை. புரியாமல் பார்த்தாள். "எதுக்கு தாயி?"

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நான் அழுதேன். அதப் பாத்துட்டு செஞ்சிருச்சு. தப்பு என்னுதும்மா," என்றாள். பிறகு அந்தச் சேவுப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நரிக்குடிக்காரர் தன் வண்டிக்குப் போனார். மஞ்சள் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டப்பாவை அப்பாவிடம் நீட்டினார். அப்பா தன் கிரீஸ் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீயே எழுது."

எனக்கு அவர் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். கடைக்குப் பின்னால் கிடந்த டிரம்மைக் கவிழ்த்து, அதன் மேல் டீக்கடைப் பலகையைப் போட்டார்கள். பெரியவர் ஒரு பக்கமும் நரிக்குடிக்காரர் இன்னொரு பக்கமும் பிடித்துக்கொள்ள, நான் ஏறி நின்றேன். காற்று பிரஷ்ஷைத் தள்ளிக்கொண்டே இருந்தது. புழுதி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டியது. முதல் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வந்தது.

"ஆயிருச்சா?" என்று கீழேயிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"இது மொத எழுத்துதான்."

"மொத்தம் எத்தன?"

"நாலு."

"நாலா," என்றாள். தன் பிள்ளையின் பெயருக்கு எத்தனை எழுத்து என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நின்றாள். திருச்சுழி பஸ் வந்து, நின்று, போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு குஞ்சத்தின் நீளத்துக்கு இரண்டு நாள் சண்டை போடுகிற அத்தனை பேரும் என் கோணல் எழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காவது எழுத்தை முடித்து இறங்கினேன்.

"இப்ப படி தாயி."

படித்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் படித்தேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்பிடிச் சொன்னா அவளுக்குக் கேக்காது. எங்கயாவது வேலிக்கு அங்கிட்டு வெளையாண்டுக்கிட்டு நிப்பா. இழுத்துக் கூப்பிடணும்."

வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். வாயைக் கையால் குவித்து, பொட்டலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கருவேலங்காட்டுக்குக் கேட்கிற மாதிரி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசி எழுத்து நீண்டுகொண்டே போனது. டீக்கடைக்குள் ஒரு கிளாஸ் தட்டுப்பட்டு உருண்டது. என் தம்பி வீட்டுக்குள்ளிருந்து, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடி வந்தான்.

நாங்கள் அந்தக் குரலை ஒரு தடவைதான் கேட்டோம். அப்பா அதைத் திருச்சுழிக்கு அங்கிட்டிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும், லோடு வண்டியில், கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அம்மா போய்த் தரையில் அவர் பக்கத்தில், கிரீஸையும் புழுதியையும் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு உட்கார்ந்தாள்.